செயலி வாங்கும் முன் பி.பி. மிஷினை எங்கே வைப்பது என்று யோசியுங்கள்

கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறவர்களுக்கு வருடா வருடம் மெடிக்கிளைம் புதுப்பிக்கும் சமயத்தில் ஒரு போன் வரும். பாலிசியோடு சேர்த்து டிஜிட்டல் இதய நலத் திட்டம் ஒன்று தருகிறோம், ஒரு செயலி, ஒரு புளூடூத் பி.பி. மிஷின், ஆளுக்கு நாளைக்கு ஒரு டீ காசுதான் சார் என்பார்கள். நான் புதுச்சேரியில் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு பேக்கேஜிங் தொழிற்சாலையில் 140 பேருக்கு எச்.ஆர்., டைம் ஆபீஸ், கேன்டீன், பஸ் எல்லாம் பார்க்கிறவன். மூன்று வருடம் முன்னால் அந்த டீ காசில் மயங்கி ஒன்றை வாங்கிப் போட்டேன். முதல் வருடப் பணம் சுத்தமாக வீண். இரண்டாவது வருடம் வேறு ஆட்களை வைத்து வேறு மாதிரி நடத்தினோம், அது இன்றுவரை ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, அதனால் மருந்து விஷயத்தில் என் பேச்சைக் கேட்காதீர்கள், மற்றதில் கேட்கலாம்.

முதலாளியிடம் என்ன சொல்லி அனுமதி வாங்குவது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். விற்க வருகிறவர் கிளைம் குறையும், பிரீமியம் குறையும் என்பார். அந்தக் கணக்கு அமெரிக்காவில் இருந்து அப்படியே எடுத்து வந்தது. அங்கே பெரிய கம்பெனிகள் பலவும் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன, காப்பீட்டுக் கம்பெனி பில்லைச் சரிபார்த்துப் பட்டுவாடா செய்வதோடு சரி. ஊழியருக்கு மாரடைப்பு வந்தால் பில் நேராக முதலாளி தலையில்தான் விழும், அதனால்தான் இந்த மாதிரித் திட்டங்களுக்கு அங்கே அவ்வளவு கிராக்கி. இப்படித் திட்டம் விற்கும் லிவாங்கோ என்ற கம்பெனியை 2020-ல் டெலடாக் என்ற இன்னொரு கம்பெனி 1,850 கோடி டாலருக்கு வாங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நம் கதை வேறு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் இருக்கிறார், சம்பளத்தில் நாம் 3.25 சதவீதம் கட்டுகிறோம், அவர் 0.75 கட்டுகிறார், அவருக்கு பி.பி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த சதவீதம் மாறாது. ஆக, பிரீமியம் மிச்சம் என்று பாஸிடம் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். நான் சொன்னது ஒன்றுதான்: பத்து வருடம் மெஷின் பழகின ஆபரேட்டர் 45 வயதில் படுத்துவிட்டால் அந்த இடத்தில் யாரை நிறுத்துவீர்கள்? அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கொட்டேஷனைக் கொண்டு வா என்றார்.

45 என்று சும்மா பயமுறுத்தவில்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வெளிவந்தது. அதிலேயே தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சராசரியாக ஐந்தாறு வருடம் முன்னாலேயே, 53 வயதுக்குப் பக்கத்தில் வருகிறது என்று தெரிந்தது. சராசரியே 53 என்றால் அதற்கும் முன்னால் எத்தனை பேர் போயிருப்பார்கள். உங்கள் சம்பளப் பட்டியலை வயதுவாரியாக ஒருமுறை அடுக்கிப் பாருங்கள்.

சரி, செயலி இதைத் தடுக்குமா? தனியாகத் தடுக்காது. அமெரிக்காவில் ஒரு பெரிய கடைத் தொடரில் 160 கிளைகள், கிட்டத்தட்ட 33,000 ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. நலத் திட்டம் கிடைத்தவர்கள் நாங்கள் உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னார்கள், ஆனால் ஒன்றரை வருடம் கழித்தும் பி.பி.யிலோ கொலஸ்ட்ராலிலோ மருத்துவச் செலவிலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 2024-ல் பீட்டர்சன் என்ற அமைப்பு பி.பி.க்கான டிஜிட்டல் திட்டங்களை மட்டும் தனியாக எடுத்து ஆராய்ந்தது. அளந்து பதிவு செய்வதோடு நிற்பவை, பழக்கத்தை மாற்றச் சொல்லி அறிவுரை அனுப்புபவை இரண்டிலும் பலன் கொஞ்சம்தான், மருந்தைப் பார்த்து மாற்றித் தரும் ஆள் இருக்கிற திட்டத்தில்தான் பி.பி. உருப்படியாக இறங்குகிறது என்று அது சொன்னது. இதைப் படிப்பதற்கு முன்பே எங்கள் போர்க்லிப்ட் ஓட்டும் அண்ணன் எனக்கு இதைப் புரிய வைத்துவிட்டார்.

அவருக்கு 46 வயது, பாகூர் பக்கத்து ஆள். முதல் வருடத் திட்டத்தில் ஒழுங்காக அளந்தவர் அவர் ஒருவர்தான், அதனால் அவருக்குப் பரிசு கூடக் கொடுத்தேன், ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர். நாலு மாதம் கழித்து ஏதோ பேச்சில் போனை வாங்கிப் பார்த்தால் 172/104, 168/102, 176/106 என்று வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்குக் கீழேயும் சிவப்பில் ஒரு இதயப் படம், பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. என்ன அண்ணே இது, பார்க்கவே இல்லையா என்று கேட்டேன். "பாத்தேன் சார், தெனம் ரெட் ஆர்ட்டு போடுறான், நல்லா இருக்குன்னுதான் போடுறான்னு நெனச்சேன்" என்றார். வாட்ஸ்அப்பில் பேத்தி போட்டோவுக்கு எல்லாரும் போடும் அதே இதயம். எனக்கு வந்த மாதாந்திர ரிப்போர்ட்டில் அவர் பெயர் இருந்தது 'அதிக ஈடுபாடு காட்டுபவர்கள்' பட்டியலில்.

அவருக்கு ஏற்கனவே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டால் கால் வீங்குகிறது என்று தானாகவே நிறுத்திவிட்டார். அம்லோடிபின் மாதிரி மாத்திரைகளில் சிலருக்குக் கால் வீங்குவது எல்லா டாக்டருக்கும் தெரிந்த விஷயம், போய்ச் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதான். போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட வைத்து அனுப்பினேன், மாத்திரை மாறியது, மூன்று மாதத்தில் 130-களுக்கு வந்துவிட்டார். செயலி செய்யாததை அரை நாள் சம்பளத்தோடு கூடிய லீவு செய்தது. எங்கள் திட்டத்தில் இப்போது இது எழுதப்பட்ட விதி: பி.பி.க்காக டாக்டரைப் பார்க்க வருடத்துக்கு நாலு அரை நாள், சம்பளம் பிடிக்காமல். நீங்கள் இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டுச் செயலியே வாங்காமல் விட்டாலும் குறையில்லை.

இனி அளப்பது. இதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

முதல் வருடம் மிஷினை டைம் ஆபீஸ் கவுண்டரில் வைத்தேன். பஞ்ச் போட வருகிறவர் நின்றபடியே கையை நீட்டுவார், யூனிபார்ம் சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றுவோம், பின்னால் பத்துப் பதினைந்து பேர், சீக்கிரம்டா பஸ்ஸு கெளம்புது என்று ஒருவன் கத்துவான், இவர் திரும்பி அவனுக்குப் பதில் சொல்வார், மிஷின் 162/98 என்று காட்டும். அதே ஆளை மறுநாள் பர்ஸ்ட் எய்ட் ரூமில் நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து அளந்தால் 138/86. அப்படி உட்கார்ந்து அளந்து பார்த்ததில் முதல் மாதம் நான் பயமுறுத்தி அனுப்பியவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. ஏசாமல் விட்டார்களே, அதுவே பெரிது.

எப்படி அளக்க வேண்டும் என்றால், அரை மணி நேரத்துக்கு முன் டீ, காபி, பீடி சிகரெட் கூடாது. யூரின் போய்விட்டு வர வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கணும், கால் மேல் கால் போடக் கூடாது, பாதம் தரையில் பட வேண்டும். கையை மேசை மேல் நெஞ்சு உயரத்தில் வைத்து, துணி இல்லாத கையில் பட்டையைக் கட்ட வேண்டும். பேச்சு கூடாது, எங்கள் ஆட்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலை மாலை என்று ஏழு நாள் எடுத்து, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி பார்த்தால் அதுதான் நிஜமான எண். வீட்டில் அளந்த சராசரி 135/85-ஐத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும், கிளினிக்கில் அளந்தால் அந்த எல்லை 140/90. நைட் ஷிப்ட் ஆளுக்குக் காலை மாலை என்று சொல்லி ஒரு பயனும் இல்லை, தூங்கி எழுந்ததும் ஒன்று, அடுத்த தூக்கத்துக்கு முன் ஒன்று என்று சொல்லுங்கள். அதைச் செயலியில் மாற்ற முடிகிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். எங்கள் முதல் செயலி சி ஷிப்ட் ஆட்களை எல்லாம் காலை எட்டு மணிக்கு, அதாவது அப்போதுதான் வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்களை, மணி அடித்து எழுப்பியது. ஒரே வாரத்தில் அத்தனை பேரும் அழித்துவிட்டார்கள்.

மிஷின் மேல்கையில் கட்டுவதாக இருக்கட்டும், மணிக்கட்டு மிஷின் வேண்டாம். பட்டை இரண்டு அளவில் வாங்குங்கள். மூட்டை தூக்கிப் பழகிய கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பி.பி.யைக் காட்டும். எந்த மாடல் முறையாகப் பரிசோதிக்கப்பட்டது என்று ஸ்ட்ரைட் பி.பி. என்ற இணையதளத்தில் பார்க்கலாம், காசு இல்லை. ஆளுக்கு ஒரு மிஷின் என்று கொட்டேஷன் போடுவார்கள், அதெல்லாம் தேவையில்லை. நாங்கள் ஆறு மிஷின் வைத்திருக்கிறோம், பி.பி. அதிகமாக இருக்கிறவர்கள் ஒரு மிஷினுக்கு வாரம் ஒருவர் என்று வீட்டுக்கு எடுத்துப் போய்த் திருப்பித் தருகிறார்கள், டைம் ஆபீஸில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து. வீட்டில் மனைவி, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் அளந்து பார்க்கிறார்கள், பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, பரவாயில்லை.

கைக்கடிகாரம் பற்றியும் கேட்பார்கள். கடிகாரத்தில் எடுக்கும் ஈ.சி.ஜி. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதைக் கண்டுபிடிக்க உதவும். மாரடைப்பை அது கண்டுபிடிக்காது, தயாரிக்கிறவர்களே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். வாட்ச்சில் நார்மல் என்று வந்தது, அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று ஒருவர் வீட்டில் படுத்துவிடக் கூடாது, அதை மட்டும் சொல்லி வையுங்கள்.

நடைப் போட்டி வேண்டவே வேண்டாம். நடத்தினோம். ஆபீஸ் ஆட்கள் மூன்று பேர் தினம் 18,000 அடி நடந்து முதலிடத்தில் நின்றார்கள். விசாரித்தால் கேன்டீனில் டீ கொண்டு வரும் தம்பியின் பையில் மூன்று பேர் போனும் இருந்தது.

செயலி கேட்கும் கேள்விகளை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை யூனிட் மது என்று கேட்டது எங்களுடையது. புதுச்சேரியில் இருந்துகொண்டு இந்த விஷயத்தை மூடி மறைக்க முடியாது, ஆனால் யூனிட் என்றால் யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை ஒரு குவார்ட்டர் போடுகிறவர் நேர்மையாக 1 என்று போட்டார். 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் 60 கிராம் வருகிறது, 10 கிராமை ஒரு யூனிட் என்று எண்ணும் செயலியில் அது 6. ஆறு போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டதும், அருமை, இப்படியே தொடருங்கள் என்று பாராட்டு வந்தது. இப்போது இருப்பதில் குவார்ட்டர், கட்டிங், பீர் என்று தமிழில் கேட்க வைத்திருக்கிறோம். உப்பு பற்றிய கேள்வியும் அப்படித்தான், கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் அந்தப் பட்டியலில் இல்லை, பேக்கனும் சீஸும் இருந்தன.

உப்பு என்றதும் கேன்டீனுக்கு வருகிறேன், ஏனென்றால் பாதி வேலை அங்கே இருக்கிறது. ஸ்டோர் ரெஜிஸ்டரை எடுங்கள், மாதம் எத்தனை கிலோ உப்பு வாங்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள், சாப்பிட்ட ஆட்களாலும் வேலை நாட்களாலும் வகுத்துவிடுங்கள். எங்களுக்கு 26 நாளில், 140 பேருக்கு, 29 கிலோ. ஒரு ஆளுக்கு நாளைக்கு 8 கிராம். ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு, எங்கள் ஆள் ஒரு டிபனும் ஒரு மதியச் சாப்பாடும்தான் இங்கே சாப்பிடுகிறார், மிச்சம் வீட்டில். மாஸ்டரிடம் போய் உப்பைக் குறையுங்கள் என்று சொன்னால் கரண்டியை நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதனால் நாங்கள் ஸ்டோரில் இருந்து கொடுக்கும் அளவை மாதம் இரண்டு கிலோ என்று குறைத்துக்கொண்டே வந்தோம், யாரிடமும் சொல்லவில்லை, மூன்றாவது மாதம் வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நாலாவது மாதம் ரசம் பிடிபட்டது, அதோடு நிறுத்திக்கொண்டோம். வடை சுட்ட எண்ணெயை மறுநாள் பொரியலுக்குத் திருப்பும் வழக்கத்தையும் அப்போதே ஒழித்தோம்.

யார் யார் திட்டத்தில் சேரலாம் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பெரும்பாலான செயலிகள் கம்பெனி மின்னஞ்சல் கேட்கும், லைனில் நிற்கிறவருக்கும் கான்ட்ராக்ட் ஆளுக்கும் அது கிடையாது, கடைசியில் ஏ.சி. அறையில் இருக்கும் இருபது பேருக்கான திட்டமாகிவிடும். போன் நம்பரை வைத்து உள்ளே நுழைய முடிய வேண்டும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்து விலை பேச வேண்டும். பேக்கிங் லைன் பெண்களில் நிறையப் பேரிடம் சொந்தப் போன் இல்லை, வீட்டுக்காரர் போன்தான். அவர்களுக்குச் செயலியே வேண்டாம், அட்டையில் எழுதிக்கொண்டு பர்ஸ்ட் எய்ட் ரூம் நர்ஸ் அக்காவிடம் காட்டினால் அவர் ஏற்றிவிடுவார்.

தகவல் யார் கண்ணில் படும் என்பது அடுத்த பிரச்சினை, இதைச் சரிசெய்யாவிட்டால் யாரும் உண்மை எண்ணைப் பதிய மாட்டார்கள். நான் போர்க்லிப்ட் அண்ணன் போனை வாங்கிப் பார்த்தது, யோசித்தால், தப்புதான். எச்.ஆருக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு பி.பி. கட்டுக்குள் வந்தது என்ற மொத்த எண் மட்டும் போதும், பத்துப் பேருக்குக் குறைவான பிரிவு என்றால் அதுகூட வேண்டாம், யார் என்று கண்டுபிடித்துவிடலாம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் என்பது கட்டாயமில்லாமல், என்னத்துக்கு என்று தெளிவாகத் தெரிந்து கொடுப்பதாக இருக்க வேண்டும், கொடுத்தது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. ஒப்புதல் படிவம் தமிழில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகளில் சட்டப்படி வருடா வருடம் நடக்கும் மருத்துவப் பரிசோதனை வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே பைலில் போட்டீர்கள் என்றால், பி.பி. தெரிந்தால் கிரேனில் இருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பேச்சு கேன்டீனில் ஒரு மணி நேரத்தில் பரவும், அதோடு திட்டம் முடிந்தது.

கொட்டேஷன் கொடுக்கிறவரிடம் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, ராத்திரி பதினோரு மணிக்கு 186/122 என்று பதிவானால் உங்கள் பக்கத்தில் யார் எழுந்திருப்பார்? தமிழ் பேசுகிற நர்ஸ் போன் செய்வார் என்றால் பேச்சைத் தொடரலாம், நோட்டிபிகேஷன் போகும் என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப் போதல் ஏதாவது இருந்தால் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய எண், செயலியில் பதிவு செய்துகொண்டு உட்காரும் எண் இல்லை. அப்புறம், சேர்ந்தவர்களில் ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்கு 140/90-க்குள் வந்தது என்று கேளுங்கள், அதையும் சேர்ந்த எல்லாரையும் வகுத்தியில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களில் இத்தனை சதவீதம் என்று நழுவுவார்கள், பாதியில் விட்டவர்களைக் கழித்துவிட்டால் யார் வேண்டுமானாலும் நூற்றுக்கு எண்பது வாங்கலாம். பணத்தையும் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டாதீர்கள், மாதா மாதம் உண்மையில் நர்ஸோ டாக்டரோ பேசிய ஆட்களுக்கு மட்டும் என்று பேசிப் பாருங்கள், எங்களுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

எங்களைப் போன்ற எல்லை ஊர்களுக்கு ஒரு சங்கதி உண்டு. ஆலை புதுச்சேரியில், ஆளில் பாதிப் பேர் கடலூர், விழுப்புரம் மாவட்டம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் தமிழ்நாட்டு அரசின் திட்டம், வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள், அது நம் ஆலை வாசலுக்கு வராது, ஆனால் அந்த ஊழியரின் வீட்டுக்கு வரும். யார் எந்தப் பக்கம் என்று ஒரு பட்டியல் போட்டு, கடலூர் பக்கத்து ஆட்களிடம் அங்கே பெயர் கொடுக்கச் சொன்னோம். மாத்திரை வாங்க லீவு போடுவது பாதியாகக் குறைந்தது. நெஞ்சு வலி வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் இதயம் காப்போம் திட்டம் 2023-ல் இருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது, இதையும் வீட்டில் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

ஆலைக்குள்ளேயே வலி வந்தால்? நம் ஊரில் நெஞ்சு வலிக்கு முதல் வைத்தியம் சோடா, இரண்டாவது ஜெலுசில், கேஸாத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடும். பெண்களுக்கு வலியே பெரிதாக இல்லாமல் மூச்சு வாங்குவது, முதுகு வலி, குமட்டல் என்று வரலாம், அதையும் வெயில் என்று தள்ளிவிடுவார்கள். எங்கள் விதி இது: நெஞ்சு, தாடை, இடது கை என்று வலி சொல்லி வியர்த்தால் சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும், கேட் செக்யூரிட்டி வெளியே போகும் பாஸ் கேட்கக் கூடாது. ஆம்புலன்ஸ் தாமதமானால் கம்பெனி வண்டி எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள், ஆஞ்சியோ வசதி இருக்கிற இடமாக இருக்க வேண்டும், எங்களுக்கு அது கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். டிரைவரை மாலை ஆறு மணிக்கு ஒருமுறையும் நள்ளிரவில் ஒருமுறையும் சும்மா ஓட்டிப் பார்க்கச் சொன்னேன், ஆறு மணிக்கு இரு மடங்கு நேரம் ஆனது, அதனால் இரண்டு வழி எழுதி ஒட்டியிருக்கிறோம். ஷிப்டுக்கு நாலு பேருக்கு நெஞ்சை அழுத்தப் பழக்கினோம், நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம். பொம்மையை வைத்து அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் மூட்டை தூக்குகிறவருக்கே மூச்சு வாங்குகிறது, அதனால் ஆள் மாற்றி மாற்றி அழுத்தப் பழகட்டும்.

மிஷின் இப்போது பர்ஸ்ட் எய்ட் ரூமில், ஜன்னலோரம், ஒரு மர நாற்காலி, ஒரு மேசை, சுவரில் ஐந்து நிமிட மணல் கடிகாரம் ஒன்றை நர்ஸ் அக்கா தொங்கவிட்டிருக்கிறார். மணல் முழுவதும் இறங்கும் வரை பட்டையைக் கட்ட மாட்டார், நானே போனாலும்.